கனகசபை சேர் பெயர் சொல்லாத பொருள்

போன மாதம் ஒரு பெண்பிள்ளை என்னைத் தேடிக் கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். ஏதோ ஒரு தொடருக்கு உடையலங்காரம் செய்கிறாளாம். பைக்குள்ளிருந்து ரப்பரில் செய்த கர்ப்பிணி வயிறு ஒன்றை எடுத்து என் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். சீனாவிலிருந்து தபாலில் வந்ததாம். தொப்புள்கூட இருந்தது. "அன்ரி, ஒங்க காலத்துல இதெல்லாம் எப்புடிச் செஞ்சீங்க?" என்று கேட்டாள். முதலில் அதை மேசையை விட்டு இறக்கு, நான் சோறு தின்கிற இடம் என்றேன். பிறகு சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவளுக்கு அழைப்பு வந்து ஓடிவிட்டாள். மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் கல்யாணக் கவுன் தைக்கிறவள். இந்தப் பகுதியில் அந்த நாளில் மாதா கோயில் ஏறிய பெண்களில் பாதிப்பேரின் இடுப்பளவு எனக்குத் தெரியும். சிலருடைய அளவு ஏன் கல்யாணத்துக்கு முன்பே மாறியது என்பதும் தெரியும். வாயைத் திறந்ததில்லை. இந்தத் தகுதியை நம்பித்தான் தொலைக்காட்சித் தமிழ் நாடகக் குழுவுக்கு என்னை எடுத்தார்கள். முதல் நாள் கிழிந்த வேட்டி ஒன்றைக் கையில் தந்து, "இது ராசாவுக்கு" என்றார்கள். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் கனகசபை சேர் யாழ்ப்பாணத்து மனுசன். வெள்ளைச் சட்டை, சட்டைப்பை நிறையப் பெப்பர்மின்ட். சந்தோஷம் என்றால் அதைச் சூப்புவார், கோபம் என்றால் கடிப்பார். கொலை, கள்ளக்காதல், சொத்துச் சண்டை எல்லாவற்றையும் கூசாமல் எடுத்துத் தள்ளுவார். ஆனால் பெண்களுக்கு முன்னால் 'வயிறு' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. கர்ப்பம் என்றால் 'அந்த விசயம்'. நான் செய்துகொடுக்கும் பொய்வயிறு 'பொருள்'. "பிலோமினா, பொருள் கொஞ்சம் இடப்பக்கம் போயிட்டுது" என்று கூரையைப் பார்த்தபடி சொல்வார். கூரையில் இருந்த பல்லிகள் எல்லாம் அவருக்கு நல்ல பழக்கம்.

பொருள் செய்வது சும்மா வேலையில்லை. தலையணையைக் கட்டிவிட்டால் நடிகை துள்ளித் துள்ளி நடப்பாள். பாரம் இருந்தால்தான் முதுகு பின்னால் சாயும், கால் அகலும், கதிரையில் இருக்கும்போது கை தானாகப் பிடிமானம் தேடும். அதனால் மேலே இலவம்பஞ்சும், அடியில் பயறு நிரப்பிய சின்னச் சின்னப் பைகளும் வரிசையாக வைத்துத் தைப்பேன். உருவம் சப்பையாகாமல் இருக்க, கவுனின் இடுப்புக்குப் போடும் கம்பியை வளைத்து உள்ளே விடுவேன். பின்பக்கம் நாடா. குனிந்து நிமிரும் காட்சி என்றால் நாடாவை நம்பாமல் உள்பாவாடையோடு சேர்த்துத் தைத்துவிடுவேன். நாலாம் மாதம், ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தேன். ஒருமுறை எலி புகுந்து ஏழாம் மாதத்தைத் தின்றுவிட்டது. பயற்றின் ருசி அதற்கும் தெரியும்தானே.

எனக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: பொருள் படப்பிடிப்பு வீட்டின் வாசலைத் தாண்டக்கூடாது. கொழும்பில் சந்திக்குச் சந்தி செக்பொயின்ட் இருந்த காலம். சேலைக்குள் குண்டு இருக்கிறதா என்று உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். கம்பியும் பைகளும் கட்டிய வயிற்றோடு ஒருத்தி போய் அங்கே நின்றால் என்ன நடக்கும் என்று நான் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

இனிச் சுகந்தியின் கதைக்கு வருகிறேன்.

சுகந்தி எங்கள் தொடரின் கதாநாயகி. கல்யாணமாகாத, ஒழுக்கமான பள்ளிக்கூட ரீச்சர் வேஷம். நிஜத்தில் கல்யாணமானவள், வெள்ளவத்தையில் அக்காவின் பிளாட்டில் இருந்தாள். புருஷன் நகுலன் செத்த தகப்பனின் அந்தியேட்டிக் கிரியைக்கென்று வடக்கே ஊருக்குப் போனவன், சண்டையில் பாதை மூடியதால் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். பல மாதம் அலைந்து வவுனியா வரைக்கும் வந்துவிட்டான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் பிடித்துப் போட்டார்கள். அனுமதித் துண்டு வாங்கிக்கொண்டு பகலில் டவுனுக்குப் போய்வரலாம். கொழும்புக்கு வரப் பாஸ் கிடைக்கவில்லை. அவன் ஊருக்குப் போகும்போது சுகந்திக்கே தெரியாத விசயம் ஒன்று பிறகு எனக்குத்தான் முதலில் தெரிந்தது. சட்டையின் கொளுக்கி பூட்ட மறுத்தது.

"புள்ள, எத்தன மாசம்?" என்றேன்.

அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "அக்கா, சேருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வேலையால நிப்பாட்டிப்போடுவார்" என்றாள்.

நான் சொல்லாவிட்டால் மறைக்க வேண்டும். மறைத்தேன். ரீச்சர் கையில் முதலில் புத்தகக் கட்டு. பிறகு பூக்கூடை. பிறகு குடை. வீட்டுக் காட்சி என்றால் பூசணிக்காய். ஒரு கிழமை வேறொன்றும் அகப்படாமல் முழு வாழைக்குலையைக் கொடுத்து நிற்க வைத்தேன். ரீச்சர் அந்த வாழைக்குலையை அணைத்தபடி காதலனிடம் கண்ணீர்விட்டாள். கனகசபை சேர் அதைப் பார்த்துவிட்டு, கிராமியப் பண்பு நல்லா வருகுது என்று பெப்பர்மின்ட் சூப்பினார்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் போகும். முகாம் பொறுப்பாளரின் அறையில் கறுப்புவெள்ளைப் பெட்டி ஒன்று இருந்ததாம். சனம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்க்குமாம். பார்த்துவிட்டு நகுலன் டவுனுக்குப் போய் டெலிபோன் கோல் எடுப்பான். வெள்ளவத்தைக் காலி வீதியில் இருந்த கொமியூனிகேஷன் கடையில் சுகந்தி காத்திருப்பாள். இப்படித்தான் ஒரு திங்கட்கிழமை முகம் வாடி வந்தாள்.

"அவர் கேக்கிறார், ஏன் எப்பவும் எதையாவது தூக்கிக்கொண்டு நிக்கிறாய் எண்டு. வயிறு வந்திட்டுதோ, காட்டு எண்டு கேக்கிறார். நான் என்னெண்டு காட்டுறது அக்கா? பாஸ் வாறதுக்கிடையில பிள்ளை பிறந்திடும். இந்த வயித்தை அவர் பாக்கவே மாட்டார்."

"போட்டோ அனுப்பேன்."

"அனுப்பினனான். ரெண்டும் போய்ச் சேரேல்லை."

அன்றைக்கே பூசணிக்காயை மேசையில் வைத்துவிட்டு நேரே கனகசபை சேருக்கு முன்னால் போய் நின்றாள். மறைக்கச் சொன்னவளே சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்! சேர் உடனே கூரையைப் பார்த்தார்.

"சேர், எனக்கு ஆறு மாதம். அவர் என்னைப் பாக்கிறது ரீவியில மட்டுந்தான். ஒருக்காலாவது அவர் பாக்கிறமாதிரி எடுங்கோ. பிறகு என்னை நிப்பாட்டினாலும் பறவாயில்லை."

பெப்பர்மின்ட் நொறுங்கியது. "பிள்ளை, உம்மட ரீச்சருக்குக் கலியாணமே ஆகேல்லை. அந்த விசயத்தோட காட்டினா முதலாளி என்னை உயிரோட எரிப்பார்."

முதலாளி என்றது புறக்கோட்டையில் பெரிய புடைவைக்கடை வைத்திருந்தவரை. தொடருக்குக் காசு போட்டவர் அவர். இந்திய வம்சாவளி, வாய் நிறைய வெற்றிலை. சேர் தயங்கித் தயங்கி விசயத்தைச் சொல்ல, மனுசன் துள்ளிக் குதித்தார், சந்தோஷத்தில்.

"கல்யாணத்தப் பண்ணி வையுங்க சேர்! கூறப்பொடவ நம்ம கட. அப்புறம் வளைகாப்பு. இருவது பொம்பளைங்க, இருவது பட்டுச்சேல. இதவிட வெளம்பரம் கெடைக்குமா?"

"முதலாளி, எங்கட ஆக்களிட்ட வளைகாப்பு எண்டு ஒண்டும் இல்லை."

"இல்லாட்டி என்னங்க, இனிமே இருக்கட்டும்."

ரீச்சருக்கு ஒரே கிழமையில் கல்யாணம் நடந்தது. அடுத்த கிழமை வாந்தி. அதற்கடுத்த கிழமை வயிறு. கணக்குப் பார்த்தவர்கள் ஒழுக்கமான ரீச்சரைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது. மாப்பிள்ளை வேஷத்துக்கு மீசைக்கார நடிகர் ஒருவரைப் பிடித்தார்கள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். சுகந்தி ஒல்லி. சாப்பாடும் இறங்காத கவலை. ஏழாம் மாதத்து நிஜ வயிற்றோடு கமராவுக்கு முன்னால் நின்றாள். சேர் ஓரக்கண்ணால் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைக் கூப்பிட்டார்.

"பிலோமினா, பொருள் போதாது."

"சேர், அது பொருள் இல்ல. புள்ள!"

"தெரியும், தெரியும். ஆனா நம்புறமாதிரி இல்லை."

ஆண்டவர் செய்த வயிற்றை இந்த மனுசன் நம்பவில்லை. நிஜ வயிற்றுக்கு மேல் என் நாலாம் மாதத்தை மெதுவாகக் கட்டிவிட்டேன். உள்ளே பிள்ளை உதைத்தால் என் பயறு குலுங்கும். அந்த ஞாயிறு நகுலன் கோல் எடுத்து, "என்னடி, ரெட்டையோ?" என்று பயந்துபோய்க் கேட்டானாம். சுகந்தி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கியதும், "பாத்திட்டார் அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளை அவசரக்காரி. எங்கள் வளைகாப்புக்குக் காத்திராமல் முந்திப் பிறந்துவிட்டாள். பெண்பிள்ளை, அப்பனின் மூக்கு. கதையிலோ ரீச்சருக்கு இன்னும் பிறக்கவில்லை. இருபது பட்டுச்சேலையும் பெட்டிக்குள் கிடக்கின்றன. முதலாளி பொறுப்பாரா? ரீச்சரைக் கார் விபத்தில் கொன்றுவிட்டு, மீசைக்காரருக்கு வேறு பெண் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சேதி கேட்டதும் சுகந்தி படுக்கையை விட்டு எழும்பிவிட்டாள். ரீச்சர் செத்தால் நாடகத்தில் பிள்ளை பிறக்காது. பிள்ளை பிறந்தால் தன் பிள்ளையையே அதில் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வவுனியாவில் ஜன்னலில் தொங்குகிறவன் மகளைப் பார்ப்பான். அவள் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

அக்காக்காரி குதித்தாள். "பெத்து முப்பத்தொரு நாள் கழியேல்லை! துடக்கோட, தீட்டோட வெளிக்கிடப் போறியோ? செற்றில சாமிப்படம் எல்லாம் வைச்சிருப்பினம்."

இதைக் கனகசபை சேரிடம் நான்தான் கேட்டேன். கோயில் குளம் என்று நிற்கிற மனுசன், இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சூப்பிக்கொண்டே யோசித்தார்.

"கமராவுக்குத் துடக்கு இல்லை" என்றார். "வரச் சொல்லு. அந்தத் தகப்பன் பாவம்."

வளைகாப்பு நாள் வந்தது. கொட்டாஞ்சேனைப் படப்பிடிப்பு வீட்டில் இருபது பெண்களும் பட்டுச்சேலையும். எப்படி வளையல் போடுவது என்று யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குத் தெரியாது. முதலாளியே வந்து நின்று சொல்லிக்கொடுத்தார். சுகந்தி குனிந்து எல்லோர் காலிலும் விழவேண்டும் என்பதால் ஒன்பதாம் மாதப் பொருளை உள்பாவாடையோடு சேர்த்துத் தைத்திருந்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். பாதி எடுத்து முடித்துச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. பிள்ளை போத்திலை வாயில் எடுக்கவில்லை, காலையிலிருந்து வீரிட்டுக் கத்துகிறது.

சுகந்தி செருப்பைக் கொழுவியபடியே ஓடினாள். நானும் பின்னால் ஓடி ஓட்டோவில் ஏறினேன். வாசலில் கனகசபை சேர் நின்றார், இருபது பெண்கள் நின்றார்கள், முதலாளி நின்றார். ஒருத்தர் கண்ணிலும் ஒன்றும் படவில்லை. பல மாதமாக அவளை வயிற்றோடுதான் பார்த்து வருகிறோம். வயிறு இருந்தால்தான் அது சுகந்தி. அவளுக்கும் அப்படித்தான். ஓட்டோ காலிமுகத்திடலைத் தாண்டும்போது கைப்பையைத் தூக்கி அந்த வயிற்றின்மேல் வைத்தாள். அப்போதுதான் எனக்கு உயிரே போனது.

"அடிப்பாவி, வயிறு!"

அவள் குனிந்து பார்த்தாள். முன்னால் செக்பொயின்ட். திரும்பினால் சுடுவான். பிரித்தெடுக்க நேரமில்லை, கைத்தையல்.

ஓட்டோவை மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள், யாழ்ப்பாண விலாசம். இறங்கச் சொன்னார்கள். சீருடை போட்ட ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்தாள். சின்ன வயசு. முதலில் மரியாதையாகத்தான் கை வைத்தாள். கை பயற்றுப் பையில் பட்டது. இன்னொரு பையில் பட்டது. பிறகு கம்பியில் பட்டது. அவள் முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் இறங்கிப் போனதை நான் கண்ணால் கண்டேன். கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். எல்லாத் துவக்கும் ஒன்றாய் எங்களை நோக்கி நிமிர்ந்தன. ஓட்டோக்காரன் வண்டியை விட்டுவிட்டு ஓடினான்.

சுகந்தி இரண்டு கையையும் தூக்கினாள். வளையல் எல்லாம் கலகலவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு எனக்குத் தெரிந்த சிங்களம் அத்தனையையும் கொட்டினேன். "மிஸ், மிஸ், மேக்க பட நெமெய்! டெலிநாட்டிய!" வயிறு இல்லை, நாடகம் என்கிறேன். யார் நம்புவது?

"பபா கோ?" என்று அந்தச் சீருடைக்காரி கத்தினாள். பிள்ளை எங்கே என்று கேட்கிறாள்.

"பபா கெதர!" என்றேன். பிள்ளை வீட்டில்.

வயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்கிறவளின் பிள்ளை வீட்டில் இருக்கிறதாம். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, இதைவிட மோசமான பொய்யை ஒருத்தராலும் சொல்ல முடியாது. ஆனால் அது சத்தியம்.

சுகந்தி விம்மத் தொடங்கினாள். "கிரி... பபாட்ட கிரி..." பிள்ளைக்குப் பால் என்கிறாள். கையைத் தூக்கியபடிதான் நிற்கிறாள். அவளுடைய பட்டுச் சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் ஈரம் ஊறி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே பெரிதாகி வந்தது. பிள்ளையை நினைத்ததும் பால் சுரந்துவிட்டது.

சீருடைக்காரி அந்த ஈரத்தைப் பார்த்தாள். ஆண்களை அப்பால் போகச் சொல்லிக் கையால் விலக்கினாள். மண்மூட்டைக்குப் பின்னால் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். என் இடுப்பில் தொங்கிய கத்தரியை என் கையில் தராமல் தானே பிடித்துத் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒரு பை கிழிந்து பயறு சிந்தியது. குனிந்து இரண்டு மணியை எடுத்துப் பார்த்தாள், ஒன்றைப் பல்லால் கடித்தாள்.

"மே முங்!" என்றாள். பயறு என்று தெரிந்துவிட்டது. அப்படியே மண்மூட்டையில் சாய்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சுகந்தி மட்டும் சிரிக்காமல், "கிரி" என்று திரும்பவும் சொன்னாள். சீருடைக்காரியே ஓடிப்போய் வேறு ஓட்டோ ஒன்றை மறித்து எங்களை ஏற்றிவிட்டாள். பொருளை மட்டும் தரவில்லை. பெரியவர் பார்க்கவேண்டும் என்று வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பொருளை மீட்கக் கனகசபை சேரே போனார். பாதி வளைகாப்பு பாக்கி. அதே உருவத்தில் இன்னொன்று தைக்கக் கிழமையாகும். போன வேகத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார். படபடவென்று கடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சேர், தர மாட்டேன்னுட்டாங்களா?"

"நான் கேக்கேல்லை."

"ஏன்?"

"என்னெண்டு கேக்கிறது? அங்க முழுக்கப் பொம்பிளைப் பிள்ளையள் நிக்குதுகள். என்ன சாமான் எண்டு கேட்டினம். பொருள் எண்டன். என்ன பொருள் எண்டு கேட்டினம். வந்திட்டன்." பெப்பர்மின்ட் ஒன்றை எடுத்தார். "பிள்ளை பிறக்கட்டும். நாளைக்கே பிறக்கட்டும்."

அப்படித்தான் ரீச்சர் கையில் பாதி வளையலோடு பிள்ளை பெற்றாள். சுகந்தி தன் மகளைக் கொண்டுவந்தாள். அக்கா கடைசிவரை மறித்தாள், முப்பத்தொரு நாளுக்கு முன் ஊரார் கண் படக்கூடாது என்று.

"தேப்பனே பாக்கேல்லை. ஊர் பாத்தா என்ன?" என்றாள் சுகந்தி. அக்கா பிள்ளையின் கன்னத்தில் இவ்வளவு பெரிய கறுப்புப் பொட்டை வைத்து அனுப்பினாள். ஆஸ்பத்திரியில் இப்போதுதான் பிறந்த பிள்ளைக்குப் பொட்டு எப்படி வந்தது என்று சேர் கேட்டார். அழிக்க ஒருத்திக்கும் மனம் வரவில்லை. பொட்டோடுதான் பிறந்தாள். கதைப்படி ஆண்பிள்ளை வேறு. மீசைக்காரர் அவளைத் தூக்கி, "என் மகனே!" என்று கண்ணீர்விட்டார்.

அந்த ஞாயிறு கொமியூனிகேஷன் கடைக்கு நானும் போனேன். சுகந்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தாள். போன் வர நேரமாகியது. மின்சாரம் நின்றிருக்கும், பெட்டி பழுதாகியிருக்கும் என்று அவளுக்கு ஆயிரம் பயம். மணி அடித்ததும் ரிசீவரை எங்கள் இரண்டு பேர் காதுக்கும் நடுவில் பிடித்தாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். நகுலன் ஓடிவந்து மூச்சு வாங்கினான்.

"அந்த மீசைக்காரன் ஆரடி?" என்றான். "பிள்ளையைத் தூக்கிற தூக்கு அதோ? தலை தொங்குது. கழுத்தைப் பிடிக்கச் சொல்லு. கழுத்தைப் பிடிக்கச் சொல்லு அவனை!"

பிறகு அழுதான். சுகந்தி, "சொல்லுறன், சொல்லுறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் எழும்பிப்போய் வாசலில் நின்றுகொண்டார்.

அவனுக்குப் பாஸ் கிடைத்து வருவதற்குள் தொடரே முடிந்துவிட்டது. வந்த அன்று அக்காவின் பிளாட்டில் நானும் இருந்தேன். பிள்ளைக்குக் கழுத்து நின்று, குப்புறப் புரண்டு, தவழ்ந்து, கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கிற வயசு. நகுலன் பையை வாசலிலேயே போட்டுவிட்டு வந்து குனிந்து அவளைத் தூக்கினான். ஒரு கையால் தூக்கி, மற்றக் கையை விரித்து அவளுடைய கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். அவள் தலையை அங்கும் இங்கும் திருப்பி அவனைப் பார்த்தாள். அவன் கையை எடுக்கவில்லை.